கார் ஏற்றும் ரயில் வேகன்களில் உயரம் மாறும் தளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஏற்றிப் போகும் சரக்கு ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. மேல்தளம் ஏறி இறங்குமா, காரோடு ஏறுமா, இரண்டு தளமா மூன்றா, ஏன் எல்லா வேகனையும் ஒரே மாதிரி செய்வதில்லை என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

சரக்கு ரயில்ல கார் போகுதுன்னு சொல்றாங்களே, உள்ளே எப்படி நிக்கும்?

நீளமான தட்டை வேகன் ஒன்றின் இருபுறமும் இரும்புத் தூண்கள் நிறுத்தி, அவற்றுக்கு இடையே தளங்கள் போட்டிருப்பார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு தளத்திலும் வரிசையாக நிற்கும். வட அமெரிக்காவில் இதை ஆட்டோராக் என்கிறார்கள். அங்கே வழக்கமான வேகனின் நீளம் 89 அடி 4 அங்குலம், அதாவது 27 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு தளம் இருந்தால் சுமார் 10 வண்டிகள், மூன்று தளம் இருந்தால் 15 வரை பிடிக்கும்.

அங்கே 1960-களில் இந்த வேகன்கள் திறந்தபடியே ஓடின. கல்லெறியும் திருட்டும் தாங்காமல் 1970-களில் பக்கங்களைத் துளையிட்ட தகடுகளால் மூடினார்கள். கூரையும் இரு முனைகளில் கதவுகளும் வந்தன. ஐரோப்பாவில் இன்றும் திறந்த இரட்டைத்தள வேகன்கள் நிறைய ஓடுகின்றன.

தளம் ஏறி இறங்கும்னா லிஃப்ட் மாதிரியா?

இல்லை. லிஃப்ட் சுமையைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் போய்வரும். இங்கே தளத்தின் உயரத்தை மாற்றி வைப்பதுதான் வேலை. புத்தக அலமாரியில் பெரிய புத்தகம் வைக்க ஒரு பலகையைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டுகிறோமே, அந்த வேலைதான். மாற்றிய பிறகு அடுத்த முறை மாற்றும்வரை தளம் அங்கேயே பூட்டி நிற்கும்.

இதில் ஒரு தனி வகை, தளத்தின் முனைப்பகுதி மட்டும் கீலில் மடங்கி ஏறி இறங்குவது. அது ஏற்றும்போதும் இறக்கும்போதும் அடிக்கடி நடக்கும். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

எதுக்கு மாத்தணும்? ஒரே உயரத்துல விட்டா என்ன?

ஒரு கணக்குப் போட்டால் விளங்கிவிடும். வேகனுக்குள் மொத்தம் 3.5 மீட்டர் உயரம் கிடைக்கிறது, மேல்தளத்தின் கனம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 3.4 மீட்டர். சரிபாதியாகப் பிரித்தால் மேலே 1.70, கீழே 1.70. செடான் கார் 1.45 மீட்டர் இருக்கும். இரண்டு தளத்திலும் தாராளமாக நுழைந்து, தலைக்கு மேல் 25 சென்டிமீட்டர் வீணாகும். 1.80 மீட்டர் எஸ்யூவி இரண்டு தளத்திலும் நுழையாது.

இப்போது தளத்தை 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். கீழே 1.90, மேலே 1.50. எஸ்யூவி கீழே, செடான் மேலே. அதே வேகன், அதே தூண்கள். முன்பு ஒரு வகைக்குத்தான் இடம் இருந்தது, இப்போது இரண்டு வகையும் போகின்றன. கீழே கொடுத்த ஒவ்வொரு சென்டிமீட்டரும் மேலே குறைகிறது என்பதைக் கவனியுங்கள். கூடுதல் இடம் எங்கிருந்தும் வருவதில்லை. இருக்கிற இடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் முழு விஷயமும்.

அப்போ வேகனையே இன்னும் உயரமா கட்டிட வேண்டியதுதானே?

கட்டலாம், ஆனால் பாதை அனுமதிக்காது. சுரங்கம், மேம்பாலம், மின்கம்பி எல்லாவற்றுக்கும் அடியில் போக வேண்டும். ஒவ்வொரு ரயில்வேக்கும் அதன் வாகனங்கள் எந்த உருவத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஓர் எல்லைக்கோடு உண்டு. வட அமெரிக்க ஆட்டோராக்குகள் தண்டவாளத்திலிருந்து சுமார் 19 அடி, அதாவது 5.8 மீட்டர் வரை எழும்புகின்றன; சில வகைகள் 20 அடியைத் தாண்டுகின்றன. ஐரோப்பாவின் பொது எல்லை 4.28 மீட்டர். இந்தியாவில் வழக்கமான பாதைகளில் நடுவில் 4.265 மீட்டர். பிரிட்டனில் இதைவிடவும் குறைவு. மூன்று தளம் என்பது வட அமெரிக்காவில் சாதாரணமாகவும் மற்ற இடங்களில் அரிதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. எல்லைக்கோடு மேலே போகப்போகக் குறுகும், தோள்பட்டைகள் சீவியிருக்கும். ஆகவே மேல்தளக் காருக்கு நடு உயரம் போதும்போல் தோன்றினாலும், அதன் கூரையின் இரு ஓரங்களும் அந்தச் சீவலுக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெட்டி போன்ற சதுர உருவ வண்டிகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

உயரம் கூட்ட முடியலன்னா தரையைத் தாழ்த்தலாம் இல்லையா?

அதைத்தான் செய்கிறார்கள். சிறிய சக்கரங்கள், தாழ்வான அடிச்சட்டம் என்று கீழிருந்து சென்டிமீட்டர் சென்டிமீட்டராக மிச்சம் பிடிக்கிறார்கள். ஐரோப்பிய வேகன்களில் கீழ்த்தளம் சக்கரங்களுக்கு நடுவில் தாழ்ந்தும் சக்கரங்களுக்கு மேல் சற்று எழும்பியும் இருப்பது இதனால்தான். அந்த மேட்டின் மேல் நிற்கும் காருக்குத் தலைக்கு மேல் இடம் குறையும். ஒரே தளத்திலேயே எல்லா இடமும் ஒரே உயரம் அல்ல என்பது ஏற்றுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தளத்தை எப்படித்தான் தூக்குறாங்க? என்ன மெக்கானிசம்?

வழிகள் பல. எளியது துளையும் முளையும். தூண்களில் வரிசையாகத் துளைகள், அவற்றில் கனமான முளையோ போல்ட்டோ. தளத்தை ஜாக்கியாலோ கிரேனாலோ தாங்கிக்கொண்டு முளைகளை எடுத்து, புதிய உயரத்தில் திரும்பப் போடுவார்கள். மெதுவான வேலை, ஆனால் பழுதாக அதில் ஒன்றுமே இல்லை. அடிக்கடி மாற்றத் தேவையில்லாத வேகனுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அடுத்தது திருகு தண்டு. தளத்தின் மூலைகளில் நீண்ட மரையுள்ள தண்டுகள் செங்குத்தாக நிற்கும். வேகனின் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சுழற்றினால், சங்கிலியோ தண்டோ வழியாக எல்லா மூலைகளும் ஒன்றாகச் சுழலும், தளம் மட்டமாக ஏறும். இந்த ‘ஒன்றாக’ என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. ஒரு மூலை மட்டும் பின்தங்கினால் தளம் முறுக்கிக்கொண்டு தூண்களுக்கு இடையே இறுகிவிடும். பிறகு பலம் போட்டுச் சுற்றச் சுற்ற மரைதான் போகும். அப்படி இறுகினால் திருப்பிச் சுற்றி இறக்கி, மட்டம் பார்த்து, மீண்டும் தொடங்க வேண்டும்.

மூன்றாவது ஹைட்ராலிக். கைப்பம்போ வெளியிலிருந்து தரும் அழுத்தமோ தளத்தைத் தூக்கும். வேகம் அதிகம், பராமரிப்பும் அதிகம். எண்ணெய்க் குழாய் கசிந்தால் கீழே நிற்பது புத்தம்புதுக் கார்.

ஹைட்ராலிக் தாங்குதுன்னா அப்புறம் பூட்டுமுளை எதுக்கு?

தூக்குவது வேறு, தாங்குவது வேறு. ரயில் ஓடும்போது தளத்தின் எடையும் அதன்மேல் நிற்கும் கார்களின் எடையும் இரும்பின் மேல் இரும்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தை நம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக முடியாது. அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும். திருகு தண்டுக்கும் இதே கதைதான்: ஓயாத அதிர்வில் மரை தேயும், தானாகவே சுழன்று இறங்கப் பார்க்கும்.

ஆகவே நல்ல வடிவமைப்பில் தளத்தை வேண்டிய உயரத்துக்குச் சற்று மேலே தூக்கி, பூட்டைப் போட்டு, பிறகு பூட்டின் மேல் இறக்கி உட்கார வைப்பார்கள். தூக்கிய கருவிக்கு அதன்பிறகு சுமை இல்லை. எல்லாப் பூட்டும் விழுந்திருக்கிறதா என்று தரையில் நின்றபடியே தெரிய வேண்டும். அதற்காகப் பூட்டின் கைப்பிடி இருக்கும் நிலையோ வண்ணக்குறியோ வைப்பார்கள். இருட்டில், மழையில், அவசரத்தில் பார்க்கிறவருக்கும் அது தெரிய வேண்டும்.

காரை மேல்தளத்துல நிறுத்திட்டு அப்படியே தூக்கலாமா?

ரயில் வேகனில் பொதுவாக வேண்டாம். முழுத் தளத்தின் உயரத்தை மாற்றுவது காலி வேகனில் செய்கிற வேலை. ஐந்து கார்கள் நின்றாலே தளத்தின் மேல் ஏழெட்டு டன் கூடிவிடும். அதையும் சேர்த்துத் தூக்கக் கருவி பெரிதாக வேண்டும், எடை கூடும், அந்தக் கருவிக்கே இடம் வேண்டும். மிச்சப்படுத்திய சென்டிமீட்டர்களைக் கருவி தின்றுவிடும்.

ரோட்டுல போற கார் டிரெய்லர்ல ஒவ்வொரு காரையும் தனித்தனியா சாய்ச்சு ஏத்துறாங்களே, ரயில்ல ஏன் அப்படிச் செய்யல?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். டிரெய்லரில் ஓட்டுநர் கூடவே இருக்கிறார். எஞ்சின் இருக்கிறது, அதிலிருந்து ஹைட்ராலிக் ஓடும். எட்டோ ஒன்பதோ கார்களை அவரே ஏற்றி, அவரே சாய்த்து, அவரே கட்டி, அவரே இறக்குவார். சரக்கு வேகனில் எஞ்சின் இல்லை, கூட ஆள் இல்லை. மாதக்கணக்கில் யாரும் நிதானமாக நின்று பார்க்காமலேயே அது ஓட வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் ஏற்றும் முறை. கார்களை ஒரு வேகனுக்குப் பக்கவாட்டில் ஏற்றுவதில்லை. வேகன்களை வரிசையாக நிறுத்தி, முனைக்கதவுகளைத் திறந்து, இடையில் பாலத்தகடுகளைப் போட்டு, ஒரு கோடியில் சாய்தளம் வைத்து, முதல் காரை வரிசையின் மறுகோடிவரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். அப்படியே பின்னோக்கி நிரம்பி வரும். வட அமெரிக்காவில் இதற்குச் சர்க்கஸ் ஏற்றம் என்று பெயர். சர்க்கஸ் கம்பெனிகள் தங்கள் வண்டிகளை ரயிலில் ஏற்றிய முறை அது.

இந்த முறையில் ஒரு வேகனின் மேல்தளமும் அடுத்த வேகனின் மேல்தளமும் ஒரே மட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் அதன்வழியாகக் கார் போகாது, அதற்கு அப்பால் இருக்கும் வேகன்களும் காலியாகவே நிற்கும். தளத்தின் உயரம் ஒரு வேகனின் சொந்த விஷயமாகத் தோன்றும்; உண்மையில் அது முழு வரிசையின் விஷயம். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

காலி வேகனும் லோடு ஏறின வேகனும் பக்கத்துல பக்கத்துல நின்னா மட்டம் மாறாதா?

மாறும். சுமை ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி வேகன் கொஞ்சம் தாழும். சக்கரத் தேய்மானமும் சேரும். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பாலத்தகடு ஏற்றுக்கொள்ளும்; ஒரு பக்கம் பொருத்தி மறுபக்கம் சும்மா அமர்ந்திருப்பதால் சற்று சாய்ந்து நிற்கும். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தச் சாய்வே அடிவயிற்றை உரசப் போதும் என்பதால், ஓட்டுகிறவர் மிக மெதுவாகக் கடப்பார்.

முனையில மட்டும் கீல் வெச்சு மடக்குற தளம் எதுக்கு?

மூன்று தள வேகனில் தளங்களைக் கீழிருந்து ஏ, பி, சி என்று அழைக்கிறார்கள். கீழ்த்தளமான ஏ-க்கும் நடுத்தளமான பி-க்கும் இடையே உயரம் இறுக்கமாக இருக்கும். சக்கரங்களுக்கு மேலே, வேகனின் முனையில், ஏ தளம் உயர்ந்திருப்பதால் நெருக்கடி இன்னும் அதிகம். அங்கே கார் ஏறி நுழையும்போது மூக்கு மேலே தூக்கும், பிறகு வால் தூக்கும். கூரை மேலே உள்ள பி தளத்தில் இடிக்கும். அதனால் பி தளத்தின் முனைப்பகுதியைக் கீலில் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏ தளத்தில் காரை விடுவார்கள். பிறகு இறக்கிப் பூட்டி பி தளத்தில் ஏற்றுவார்கள்.

வரிசை தப்பக் கூடாது. ஏற்றும்போது ஏ முடித்துத்தான் பி. இறக்கும்போது தலைகீழ்: பி தளத்து முனையில் நிற்கும் காரை எடுத்தால்தான் முனையைத் தூக்க முடியும், தூக்கினால்தான் கீழே உள்ளவை வெளியே வரும்.

ஏற்றுற இடத்துலயே தினமும் தளத்தை மாத்துவாங்களா?

வேகன் வகையைப் பொறுத்தது. திருகு தண்டோ ஹைட்ராலிக்கோ உள்ள ஐரோப்பிய இரட்டைத்தள வேகன்களில் ஏற்றும் இடத்திலேயே, அன்றைய சரக்குக்கு ஏற்ப மாற்றுவது நடைமுறை. இரண்டு தளத்திலிருந்து மூன்று தளத்துக்கு மாறக்கூடிய வட அமெரிக்க வேகன்கள் வேறு ரகம். அது ஒரு பயணத்துக்காகச் செய்கிற மாற்றம் அல்ல. சந்தையில் எந்த வகை வண்டி அதிகம் விற்கிறது என்று பார்த்து, வேகன் தொகுதியின் ஒரு பகுதியை மாற்றி அனுப்புவார்கள்.

மூணு தளத்தை ரெண்டாக்கினா, மிச்சம் ஒரு தளம் எங்கே போகும்?

இரண்டு வழி. ஒன்று, கழற்றி வெளியே வைப்பது. அப்போது வேகனின் எடை குறையும், ஆனால் கழற்றிய தளங்களைச் சேமிக்க இடம் வேண்டும், திரும்ப மூன்றாக்கும்போது அதே ஊரில் அது கிடைக்க வேண்டும். ரயில் வேகன் ஓரிடத்தில் தங்குவதில்லை என்பதால் இது தலைவலி. இன்னொன்று, இன்னொரு தளத்தோடு ஒட்டி மடக்கி வைப்பது. எங்கே போனாலும் கூடவே இருக்கும். ஆனால் சுமை ஏற்றாத ஒரு தளத்தின் எடையை வேகன் காலமெல்லாம் சுமக்கும், மடக்கிய கனத்துக்குக் கொஞ்சம் உயரமும் போகும்.

தளத்தோடு சேர்ந்து இன்னொன்றும் நகர வேண்டும். தளமும் தூணும் சேரும் மூலையில் சாய்வான முட்டுச்சட்டங்கள் இருக்கும். தூண்கள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பவை அவைதான். தளத்தின் இடம் மாறினால் முட்டுச்சட்டத்தின் இடமும் மாறும், அது கீழே நிற்கும் காரின் கூரை ஓரத்துக்கு நேராக வந்து நிற்கும். நடுவில் இடம் தாராளமாகத் தெரிந்து, ஓரத்தில் இடிப்பது பெரும்பாலும் இந்தச் சட்டத்தால்தான்.

காரோட கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும்?

கம்பெனிக்குக் கம்பெனி, வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே ஒரு எண்ணைப் பொதுவாகச் சொல்வது சரியாக இருக்காது. எதற்காக விடுகிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். ரயில் குலுங்கும்போது கார் தன் ஸ்பிரிங்கில் எழும்பும். மேல்தளமோ சுமையில் நடுவில் லேசாகத் தொய்ந்து அதிரும். இரண்டும் ஒரே நொடியில் ஒன்றையொன்று நோக்கி வந்தாலும் தொடக்கூடாது. காரின் உயரத்தை அளக்கும்போது கூரையின் உச்சியை மட்டும் அளந்தால் போதாது: ஆன்டெனா, கூரைக் கம்பி, பின்பக்க இறக்கை எல்லாம் சேர்ந்ததுதான் உயரம். டயரில் காற்று எவ்வளவு என்பதுகூட ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தீர்மானிக்கும்.

தளத்துல காரை எப்படிப் பிடிச்சு நிறுத்துறாங்க? தளம் மாறினா அதுவும் மாறுமா?

முன்பு சங்கிலி போட்டு முறுக்கிக் கட்டினார்கள். சங்கிலி காரின் உடலைக் கீழே இழுத்துப் பிடிக்கும், அதனால் உடலுக்கும் சேதம், நேரமும் அதிகம். இப்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைப்பதுதான் வழக்கம். தளத்தில் கம்பி வலையோ துளைத்தகடோ இருக்கும், கட்டையின் பற்கள் அதில் மாட்டிக்கொள்ளும். சக்கரம்தான் கட்டுப்படுகிறது, கார் தன் ஸ்பிரிங்கில் சுதந்திரமாக ஆடும். முந்தைய பதிலில் சொன்ன இடைவெளி முக்கியமாவது இதனாலும்தான்.

வலை தளத்தோடு சேர்ந்தது என்பதால் தளம் எங்கே போனாலும் கூடவே போகும். தனியாக மாற்ற வேண்டியதில்லை.

இந்த யோசனை புதுசா, முன்னாடியே இருந்ததா?

பழசு. 1930-களில் அமெரிக்காவில் எவான்ஸ் கம்பெனி மூடிய சரக்குப் பெட்டிகளுக்காக ஆட்டோ லோடர் என்ற இரும்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு காரைச் சட்டத்தில் நிறுத்தி, சாய்த்துத் தூக்கி, அதன் அடியில் இன்னொரு காரை நுழைப்பார்கள். 50 அடிப் பெட்டியில் நான்கு கார்கள். காரை இறக்கியதும் சட்டத்தைக் கூரையோடு ஒட்டி மடக்கிவிட்டால், திரும்பும்போது அதே பெட்டியில் வேறு சரக்கு ஏற்றலாம். பழுது குறைவு, காலியாகத் திரும்ப வேண்டியதில்லை, இடமும் மிச்சம். இந்தத் துறையில் வந்த மிக அழகான யோசனைகளில் இது ஒன்று என்பேன்.

ஆனால் ஒவ்வொரு காரையும் தனியாகத் தூக்கிக் கட்ட வேண்டும். லாரிகள் வந்ததும் அந்த மெதுவான வேலை எடுபடவில்லை. 1950-களின் இறுதியில் ரயில்வேயின் பங்கு மிகவும் சரிந்தது. 1960 வாக்கில் வந்த மூன்று தள வேகன்கள்தான் அதை மீட்டன. கார் தன் சக்கரத்திலேயே ஓடி ஏறி ஓடி இறங்கியது. இன்று அமெரிக்காவில் புது வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று ரயிலில் போகின்றன.

காரை மூக்கு கீழே இருக்கிற மாதிரி செங்குத்தா தொங்கவிட்டு அனுப்பினாங்களாமே, நிஜமா?

நிஜம். செவ்ரோலே வேகா என்ற சிறிய கார் 1970-ல் வந்தபோது அதற்கென்றே வெர்ட்-ஏ-பேக் வேகனைச் செய்தார்கள். பக்கச்சுவரே கதவுகளாகக் கீழே விழும். ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு காரை ஓட்டி நிறுத்திப் பூட்டி, ஃபோர்க்லிஃப்ட்டால் கதவைத் தூக்கி மூடினால் கார் மூக்கு கீழே பார்க்க உள்ளே நின்றுவிடும். பக்கத்துக்கு 15, ஆக 30 கார்கள். மூன்று தள வேகனைப்போல் இரண்டு மடங்கு.

அதற்காகக் காரையே மாற்றினார்கள். எஞ்சின் எண்ணெய் முதல் சிலிண்டருக்குள் வடியாமல் தடுப்பு, பேட்டரித் திரவம் சிந்தாதபடி மூடிகள் பின்விளிம்பில், கண்ணாடி கழுவும் நீர்ப்புட்டி 45 பாகை சாய்வில். எஞ்சின் தொங்கும் எடையில் தாங்கிகள் கிழியாமல் இருக்க பிளாஸ்டிக் ஆப்புகள். சேர்ந்த இடத்தில் அவற்றை எடுத்துவிடுவார்கள். ஏற்றும் வேலை சிறப்பாகவே நடந்தது. 1977-ல் வேகா நின்றது. வேறு கார் ஏற்ற முடியாத அந்த வேகன்களின் காலமும் அதோடு முடிந்துபோனது. ஒரே வண்டிக்காகச் செதுக்கிய வேகன் அந்த வண்டியோடு போய்விடும். மாற்றக்கூடிய தளத்துக்காக யாராவது வாதாட வேண்டுமென்றால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எஸ்யூவி அதிகமானதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். மூன்று தள வேகன் செடான்களுக்காகப் பிறந்தது. எஸ்யூவியும் பிக்கப்பும் விற்பனையில் மேலே வந்ததும், இரண்டு தள வேகனுக்குத் தட்டுப்பாடு, மூன்று தள வேகன் சும்மா நிற்கிறது என்ற நிலை. 2018 ஏப்ரலில் ஃபோர்டு, வட அமெரிக்காவில் தன் செடான்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது ஒரு பெரிய அடையாளம். வேகனோ பல பத்தாண்டுகள் ஓட வேண்டிய பொருள். கார் மாடல் சில ஆண்டுகளில் மாறிவிடும்.

கிரீன்பிரையர் கம்பெனியின் மல்டி-மேக்ஸ் இந்த இடைவெளிக்காக வந்ததுதான்: ஒரே வேகன், இரண்டு தளமாகவும் மூன்று தளமாகவும் மாறும். அதற்கு முன்பே வந்த ஆட்டோ-மேக்ஸ், நடுவில் ஒரே சக்கரத் தொகுதியைப் பகிரும் இரட்டை வேகன். 20 அடிக்கு மேல் உயரம், 22 வண்டிகள் வரை.

எலெக்ட்ரிக் கார் கனமா இருக்கே, மேல்தளம் தாங்குமா?

வேகன் மொத்தமாகத் தாங்கும். கார் என்பது இடத்தை அடைக்கும் சரக்கு, எடையை அல்ல. 15 செடான்கள் சேர்ந்தாலும் 25 டன் வராது, எடை வரம்பைத் தொடுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். ஆனால் தளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரம்பு உண்டு. பேட்டரி வண்டி இரண்டரை டன் என்றால் நான்கு சக்கரப் புள்ளிகளிலும் அழுத்தம் கூடும், தளம் கூடுதலாகத் தொய்யும். அந்தத் தொய்வு கீழே நிற்கும் காரின் இடைவெளியிலிருந்துதான் கழியும்.

ஈர்ப்பு மையமும் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவில் வேகனும் சுமையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தண்டவாளத்திலிருந்து 98 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொது வரம்பு. கனமானவற்றைக் கீழே, இலேசானவற்றை மேலே என்பது பழைய பழக்கம், இப்போது இன்னும் பொருத்தம். தளத்தை மேலே நகர்த்தினாலே ஈர்ப்பு மையம் உயரும் என்பதால், அனுமதித்த நிலைகளைத் தவிர வேறு எங்கும் பூட்ட முடியாதபடி துளைகளை வைப்பார்கள்.

எல்லா வேகனையும் மாத்தக்கூடியதா செஞ்சிட்டா பிரச்சினை தீர்ந்ததே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நகரும் தளம் என்றால் கூடுதல் எடை, கூடுதல் விலை, தேயும் இணைப்புகள், சோதிக்க வேண்டிய பூட்டுகள். நிலையாகப் பற்றவைத்த தளம் தூண்களை இறுகப் பிடித்து வேகன் முழுவதையும் விறைப்பாக்கும். கழன்று நகரும் தளம் அந்த உதவியை அதே அளவு தராது, சட்டத்தை வேறு வழியில் பலப்படுத்த வேண்டும். வருடம் முழுக்க ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே உயர வண்டி ஏற்றும் வேகனுக்கு இது வீண் செலவு. பல தொழிற்சாலைகளுக்குச் சுற்றும் வேகனுக்குத்தான் பலன்.

இந்தியாவில் பழைய பயணிகள் பெட்டிகளிலிருந்து மாற்றிய என்எம்ஜி பெட்டிகளில் ஒரு தளம்தான். மாற்றுவதற்கே ஒன்றும் இல்லை, உயரத்தைப் பங்கிடும் கணக்கும் இல்லை. பின்னால் வந்த இரட்டைத்தள பிசிஏசிபிஎம் வேகன்கள் எண்ணிக்கையைக் கூட்டின, கூடவே உயரக் கணக்கையும் கொண்டுவந்தன. இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன.

நான் வாங்கற புதுக் கார் இப்படித்தான் வந்திருக்கும்னா, எங்கே பார்க்கணும்?

சேதம் அரிது. பார்ப்பதென்றால் கூரையின் பின்விளிம்பையும் ஆன்டெனா அடியையும் முதலில் பாருங்கள். தளத்தோடு உரசினால் தடம் அங்கேதான் இருக்கும். அடுத்து ஓட்டுநர் பக்கக் கதவின் விளிம்பு: வேகனுக்குள் இடம் குறைவு, இறங்குகிறவர் பாதிக் கதவைத்தான் திறக்க முடியும், அது பக்கத் தூணில் தட்டலாம். சக்கரத்தின் உள்விளிம்பும் சக்கர வளைவின் அடிப்பகுதியும் முட்டுக்கட்டை பட்ட இடங்கள். கடைசியாக முன்பம்பரின் அடிப்பக்கம், சாய்தளத்திலும் பாலத்தகட்டிலும் உரசுவது அதுதான். வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, ஏதாவது இருந்தால் வண்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன்பே எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.